டுவாலாவுக்கு வருகிற அக்காவுக்குச் சில குறிப்புகள்

பாரிஸ், லாச்சப்பல்
17 ஓகஸ்ட் 2025

தம்பி கரிகாலனுக்கு,

உன் மகள் சுபாங்கியின் கலியாண அழைப்பு என் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. ரோசாப்பூவும் தங்க எழுத்தும் பறக்கிற புறாவுமாக ஒரே அமர்க்களம். ஒக்ரோபர் பதினொன்று என்று போட்டிருக்கிறாய். அது புரட்டாசி மாதம், அதிலும் சனிக்கிழமை. சைவப் பிள்ளையின் கலியாணத்தைப் புரட்டாசிச் சனியில் வைக்கிற மூளை உனக்கு அந்த ஊருக்குப் போன பிறகுதான் வந்திருக்க வேண்டும். அப்பா இருந்திருந்தால் பஞ்சாங்கத்தைத் தூக்கி உன் தலையில் போட்டிருப்பார்.

பதினெட்டு வருடத்துக்கு முன் "இனி உங்கடை குரலைக் கேக்கமாட்டன்" என்று சொல்லி ரெலிபோனை அடித்து வைத்தவன் நீ. நானும் சரி என்றேன். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே பேச மாட்டேன். இப்படித் தாளில் எழுதி, படம் பிடித்து, உன் மகளின் இலக்கத்துக்கு அனுப்புவேன். நீயும் அப்படியே பதில் போடு. பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது இந்த ஒரு விடயத்துக்கு வசதியாகப் போயிற்று.

நான் கலியாணத்துக்கு வருகிறேன். உனக்காக வரவில்லை. உன் வீட்டில் இருக்கிற அவளுக்காகவும் வரவில்லை. அவள் என்றால் யார் என்று உனக்குத் தெரியும். அழைப்பின் கீழே சுபாங்கி யாரிடமோ கேட்டுப் பழகி "மாமி வாங்கோ" என்று தமிழில் கீறியிருந்தாள். "மா" படுத்த மாடு மாதிரிக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு வராமல் இருக்க என்னால் முடியவில்லை. நம் வீட்டில் அந்தத் தலைமுறையில் இருப்பது சுபாங்கி ஒருத்திதான். எனக்குப் பிள்ளை இல்லை, அதை நீ நினைவுபடுத்தத் தேவையில்லை.

இனி விடயத்துக்கு வருகிறேன். அங்கே குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? கரண்ட் இருக்கிறதா? நான் அரிசி கொண்டு வர வேண்டுமா? கள்வர் தொல்லை எப்படி? பூச்சி புழு எல்லாம் சாப்பிடுவார்களாமே, எனக்கு அதைப் பார்க்க முடியாது. இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது.

ஒரு நிபந்தனை உண்டு. லாச்சப்பல் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் என் தம்பி கனடாவில் இருக்கிறான். கேட்டவர்களுக்கு ஸ்காபரோ என்று சொல்லி வைத்திருக்கிறேன். குளிரா என்று கேட்டால் சரியான குளிர் என்பேன். இப்போதும் கனடாவுக்குப் போவதாகத்தான் சொல்லிவிட்டு வருவேன். கலியாணப் படங்களில் என் முகம் எங்கேயும் வரக்கூடாது.

அக்கா
கோசலை

*

டுவாலா, கமரூன்
24 ஓகஸ்ட் 2025

அக்கா,

தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே வருடத்தில் பாதி மழை. தண்ணீர் வானத்திலிருந்து வரும், தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும், குழாயிலிருந்து மட்டும் சில நாள் வராது. போத்தல் தண்ணீர் குடியுங்கள். கரண்ட் போகும், பிறகு வரும். நீங்கள் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர் என்பதைப் பாரிஸ் வெளிச்சத்தில் மறந்துவிட்டீர்கள் போலும்.

அரிசி கொண்டுவர வேண்டாம். இங்கே மனிதர்கள் அரிசி சாப்பிடுகிறார்கள். மரவள்ளி இருக்கிறது, வாழைக்காய் இருக்கிறது, மீன் இருக்கிறது. இருபத்தேழு வருடமாக நான் புழுவைத் தின்று உயிர் வாழவில்லை. கள்வர் லாச்சப்பலில் இருக்கிற அளவுக்குத்தான் இருக்கிறார்கள். இருட்டின பிறகு நகை போட்டுக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள், அவ்வளவுதான். தெருவில் ராக்சி மறிப்பதென்றால் போகிற இடத்தையும் கொடுக்கிற காசையும் கத்திச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பிடித்தால் நிற்பான், பிடிக்காவிட்டால் போவான். ஏற்கெனவே நாலு பேர் உள்ளே இருப்பார்கள். மூக்கைச் சுளிக்காமல் ஏறுங்கள். பாலம், பொலிஸ், அரசாங்கக் கட்டடம் எதையும் படம் எடுக்காதீர்கள். விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என் அழைப்புக் கடிதத்தை இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்ட விடமாட்டார்கள், நீங்கள் எவ்வளவு பெரிய சீமாட்டியாக இருந்தாலும்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். மலேரியாக் குளிசை. வருவதற்கு முதல்நாள் தொடங்கி, இங்கே இருக்கிற நாள் முழுக்க, பாரிசுக்குத் திரும்பி ஒரு கிழமை வரைக்கும் நாளுக்கு ஒன்று. சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டோம்தானே என்று இடையில் நிறுத்துகிறவர்கள்தான் சாகிறவர்கள். இங்கே இருக்கிறவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே என்ன என்று தெரியும். அங்கே டொக்டருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

நான் கனடாவில் இருப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. சந்தோசம். 1998இல் வெளிநாட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஏஜென்சிக்காரன் என்னை இந்த ஊர் விமான நிலையத்தில் இறக்கி, "நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வரவேயில்லை. காய்ச்சலில் கிடந்த எனக்குத் தன் வீட்டுத் தடித்த ரொட்டியும் கசாயமும் தந்தது மரி-லூயிசின் தாய். அந்த வீட்டுப் பெண்ணைத்தான் கட்டினேன். அவளை நீங்கள் ரெலிபோனில் "கறுப்பி" என்றீர்கள். நீங்கள் பிறந்தபோது நிறத்தைப் பார்த்து அப்பம்மா மூன்று நாள் பேசாமல் இருந்தாவாம். அம்மா சொல்லியிருக்கிறா.

உங்களைக் கூப்பிட்டதும் நான் இல்லை. மரி-லூயிசின் ஆட்கள்தான் பிடிவாதம் பிடிக்கிறார்கள். பெண் கேட்டு வருகிறவர்களைத் தகப்பனின் சகோதரிதான் வாசலில் மறிக்க வேண்டுமாம். கொண்டுவருகிற எதையும் போதாது என்று தள்ளி, முகத்தைச் சுளித்து, கெஞ்ச வைத்து, கடைசியில்தான் உள்ளே விட வேண்டுமாம். இதற்கு உங்களை விடப் பொருத்தமான ஆள் மத்திய ஆபிரிக்காவிலேயே கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.

கரிகாலன்

*

பாரிஸ்
14 செப்ரெம்பர் 2025

தம்பி,

உன் புத்திமதி எல்லாம் கிடைத்தது. அப்பம்மாவின் கதையையும் வாசித்தேன். அம்மா உன்னிடம் சொன்னாவா? என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

ஊசி போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை. ஒன்பது சட்டை தைக்கக் கிடந்தது. நான் வேலை செய்கிற சேலைக்கடை லாச்சப்பலில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் இருக்கிறது. கடைக்காரி சிவாஜினி "என்னக்கா கைக்கு?" என்றாள். சுளுக்கு என்றேன். ரிக்கற் எடுக்க லாச்சப்பலில் எந்த ஏஜென்சிக்குள்ளும் போக முடியாது. நான் படியிறங்க முதல் செய்தி கோயில் வாசலுக்குப் போய்விடும். ஆர்ஜொந்தெய் வரை ரயிலில் போய், தமிழ்ச் சத்தமே கேட்காத ஒரு கடையில் எடுத்தேன். அங்கே இருந்த பிள்ளை டுவாலா என்று சத்தமாகச் சொன்னாள். அப்போதும் திரும்பிப் பார்த்தேன்.

கனடாவுக்குப் போகிறேன் என்று சொன்னதில் ஒரு வில்லங்கம். இந்த ஊரில் யாராவது பயணம் போகிறார்கள் என்றால் சனத்துக்கு அவர் மனிசர் இல்லை, பார்சல் வண்டி. சிவாஜினிக்கு ஸ்காபரோவில் ஒரு தங்கச்சி. அவளுக்கு வறுத்த மிளகாய்த்தூளும் ஒரு பட்டுச் சேலையும் கட்டித் தந்திருக்கிறாள். "உங்கடை தம்பியும் ஸ்காபரோதானேயக்கா, பத்து நிமிசத்திலை குடுத்திடுவார்" என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கி வைத்திருக்கிறேன். கம்பளிக் கோட்டு ஒன்றும் இரவல் தந்தாள். டுவாலாவுக்குக் கம்பளிக் கோட்டு! உன்னால் எனக்கு இந்தக் கோலமும் வந்து சேர்ந்தது.

இன்னும் ஒரு பயம். கூசேன்வில் பக்கத்துத் தமிழ்ப் பெடியங்கள் பாதிப் பேருக்கு விமான நிலையத்தில்தான் வேலை. டுவாலாப் பிளேனுக்கு வரிசையில் நிற்கிறபோது ஒருத்தன் "கோசலை அன்ரி" என்று கூப்பிட்டால் என் கதை முடிந்தது. முகக் கவசம் போட்டுக்கொண்டு வருவேன்.

அரிசி கொண்டுவருகிறேன். நீ சொன்னாலும் கொண்டுவருவேன். பிள்ளையின் தலையில் பால் அறுகு வைத்து வாழ்த்த அறுகம்புல்லும் கொண்டுவருகிறேன். ஒரு சட்டியும் கொண்டுவருகிறேன். புரட்டாசியில் நான் மாமிசம் புழங்கிய பாத்திரத்தில் சமைத்ததைத் தொடமாட்டேன். புரட்டாசி இல்லாவிட்டாலும் தொடமாட்டேன் என்பது உனக்கும் தெரியும். அவளுக்குச் சொல்லி வை.

கோசலை

*

டுவாலா
26 ஒக்ரோபர் 2025

அக்கா,

நீங்கள் போய் ஒரு கிழமை ஆகிறது. சேர்ந்தேன் என்று ஒரு வரி போட உங்களுக்குக் கை வரவில்லை. விமானம் இறங்கியதை மருமகன்தான் இணையத்தில் பார்த்துச் சொன்னான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கலியாணத்தன்று நீங்கள் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்ததை இந்தத் தெரு இனி மறக்காது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த துணியை விரலால் தொட்டுப் பார்த்து, "இதிலை நான் உள்பாவாடை கூடத் தைக்கமாட்டன்" என்றீர்கள். நான் அதைப் பிரெஞ்சில் சொன்னதும் சனம் சிரித்துச் சிரித்து விழுந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலில் முழங்காலில் நின்றார். நீங்கள் அவரைத் தாண்டி வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்படி ஒரு மாமியை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று இன்னமும் கேட்கிறார்கள். சின்னப் பெட்டைகள் தெருவில் உங்களைப் போலக் கழுத்தைத் திருப்பி விளையாடுகிறார்கள்.

அவர்களுக்கு அது விளையாட்டு. விளையாட்டு முடிந்ததும் இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்து, ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நீங்கள் எழும்பிப் போய், பின் விறாந்தையில் உங்கள் சட்டியில் உங்கள் அரிசியைப் போட்டீர்கள். மரி-லூயிஸ் உங்களுக்கென்று புதுப் பாத்திரம் வாங்கி, மீன் கூடப் படாமல், மரவள்ளியும் கீரையும் சமைத்து வைத்திருந்தாள். மூடியைத் திறந்தும் பார்க்கவில்லை நீங்கள். அவள் அதை இரவு தனியே இருந்து சாப்பிட்டாள். நான் உங்களை அடித்துத் துரத்தாமல் இருந்தது சுபாங்கியின் முகத்துக்காக. வந்த நாள் தொடங்கிப் போகும் வரை மரி-லூயிசை ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா? "இந்தா", "அவ", "அந்தப் பொம்பிளை". இதற்கா ஆர்ஜொந்தெய் வரை போய் ரிக்கற் எடுத்தீர்கள்?

கட்டிலின் கீழ் சிவாஜினியின் பார்சலை விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். மறதியா, அல்லது எறிந்துவிடுவேன் என்ற நம்பிக்கையா என்று தெரியவில்லை. அடுத்தவர் பொருளை எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. மேலே எழுதியிருந்த ஸ்காபரோ விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரும் டுவாலா விலாசமும் பெரிய எழுத்தில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு நான் ஆள் இல்லை.

குளிசையை நிறுத்தவில்லைத்தானே?

கரிகாலன்

*

பாரிஸ்
29 ஒக்ரோபர் 2025

கரிகாலா,

உனக்கு நெஞ்சில் ஈரம் இல்லை. நான் கேட்டேனா பார்சலை அனுப்பச் சொல்லி? சேலைக்கும் மிளகாய்த்தூளுக்கும் ஏதாவது பொய் சொல்லிக் காசைக் கட்டியிருப்பேன். பரவாயில்லை. சிவாஜினியின் தங்கச்சி விலாசத்தை எங்கே பார்க்கப் போகிறாள், மிளகாய்த்தூளை நிறுத்துத்தான் பார்ப்பாள். எனக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும்.

மற்றதுக்கு வருகிறேன். நான் வந்தேன், உன் பிள்ளையின் தலையில் பால் அறுகு வைத்தேன், உன் மானத்தை வாசலில் காப்பாற்றிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன சாப்பிட்டேன், எங்கே சாப்பிட்டேன் என்று கணக்குக் கேட்க உனக்கு வாய் வருகிறது. நான் இப்படித்தான். ஐம்பத்தெட்டு வயதில் இனி மாறமாட்டேன். அவள் எனக்கென்று சமைத்ததை நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் என்ன, ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பேனா?

குளிசை. வந்து இரண்டு நாள் போட்டேன். மூன்றாம் நாள் கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. ஆறு நாளும் பச்சைத் தண்ணீரும் பின்னேரத்தில் கொஞ்சம் பாலும்தான். நீயே எழுதியிருக்கிறாய், சாப்பாட்டோடு போடவேண்டும் என்று. சாப்பாடே இல்லாதபோது எதோடு போடுவது? முருகனுக்கு இருக்கிற விரதத்தில் நுளம்புக் குளிசைக்காகச் சோறு தின்னச் சொல்கிறாயா? சூரன்போர் முடிந்து பாறணையும் ஆயிற்று. இந்தக் குளிரில் பாரிசில் நுளம்பு எங்கே இருக்கிறது? மிச்சக் குளிசையை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோசலை

*

டுவாலா
30 ஒக்ரோபர் 2025

அக்கா,

பாரிசில் நுளம்பு தேவையில்லை. இங்கே கடித்தது உங்கள் உடம்புக்குள் இருந்தால் காணும். மூளையைக் கழற்றிக் கம்பளிக் கோட்டோடு சேர்த்து இரவல் கொடுத்துவிட்டீர்களா?

கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். பாரிசில் இருந்து வந்துபோன ஒருவன், எனக்குத் தெரிந்தவன், இப்படித்தான் திரும்பிப் போய்ச் செத்தான். தடிமன் காய்ச்சல் என்று நாலு நாள் வீட்டில் படுத்திருந்தான். உடம்பு கொஞ்சம் சுட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போய் முதல் வார்த்தையாகக் கமரூன் என்று சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

கரிகாலன்

*

பாரிஸ்
4 நவம்பர் 2025

தம்பி,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். உடம்பு கொஞ்சம் சரியில்லை. முந்தநாள் தொட்டு நடுக்கமும் காய்ச்சலும். கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தைக்கிறேன். சிவாஜினி பார்த்துவிட்டு, நாளைக் காலை கடையைப் பூட்டிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறாள். எனக்கு இந்த டொக்டர்மாரின் பிரெஞ்சு விளங்காது. துணியின் நிறமும் மீற்றரும் சொல்லத்தான் எனக்குப் பிரெஞ்சு தெரியும். எப்போதும் அவள்தான் கூட வந்து மொழிபெயர்ப்பாள்.

அதனால்தான் யோசனையாக இருக்கிறது. டொக்டர் எங்கே போய் வந்தாய் என்று கேட்டால் அவளுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். கனடா என்றுதான் சொல்லுவேன். வேறு என்ன சொல்வது? அவளுக்குத் தெரிந்தால் மத்தியானத்துக்குள் லாச்சப்பல் முழுக்கத் தெரியும். பதினெட்டு வருடமாகக் கனடா, கனடா என்று சொன்ன வாய் இது. இந்த முகத்தோடு கோயிலுக்கும் கடைக்கும் நான் எப்படிப் போவேன்? காய்ச்சல் சுகமாகும். இது சுகமாகாது.

நீ பயப்படாதே. சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும்.

அக்கா

*

டுவாலா
4 நவம்பர் 2025, மாலை

அக்கா,

நான் என் சொல்லை உடைத்து மூன்று தரம் அழைத்தேன். மூன்று தரமும் துண்டித்துவிட்டீர்கள். பக்கத்தில் சிவாஜினி இருக்கிறாள் போலும்.

கனடா என்று சொன்னால் ரத்தத்தில் வேறு ஏதாவது தேடுவார்கள். தேடி முடிக்க முதல் நீங்கள் முடிந்துவிடுவீர்கள். சிவாஜினி என்ன நினைப்பாள் என்பதற்காகச் சாகப்போகிற முதல் ஆள் நீங்கள்தான். சேலைக்கடைச் சனத்தின் வாய்க்கு ஒரு உயிரைக் கொடுப்பதா? உங்களை மாதிரி ஒரு மடைச்சியை நான் கண்டதில்லை. உங்களுக்கு நான் ஒரு தம்பி. கனடாவிலும் இல்லை, கடலுக்குள்ளும் இல்லை. டுவாலாவில் இருக்கிறேன். சொல்லித் தொலையுங்கள்.

மரி-லூயிஸ் பின்னேரம் முழுக்கப் பாரிஸ் ஆஸ்பத்திரிகளின் இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு சொல் எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கரிகாலன்

*

பாரிஸ், ஆஸ்பத்திரி
10 நவம்பர் 2025

தம்பி கரிகாலனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நேற்றுத்தான் எழும்பி இருந்தேன். கைத்தொலைபேசி சிவாஜினியிடம் இருந்தது. உன் கடிதத்தை இன்று காலைதான் வாசித்தேன். மடைச்சி என்று எழுதியிருக்கிறாய். எழுது. இந்த முறை மட்டும் விட்டுவிடுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலை ராக்சியில் ஏறியதே அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. டொக்டர் சின்னப் பெடியன், தலை கூட ஒழுங்காக வாரவில்லை. கேள்விக்கு மேல் கேள்வி. சிவாஜினி என் பக்கம் திரும்பினாள்.

"எங்கையாவது பயணம் போய் வந்தவவோ எண்டு கேக்கிறார்."

"கனடா எண்டு சொல்லு."

அவள் திரும்பி அவனிடம் ஏதோ நீளமாகச் சொன்னாள். எனக்கு விளங்கியது இரண்டே இரண்டு சொல்தான். கமரூன். டுவாலா. அந்தப் பெடியன் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினான்.

"நான் கனடா எண்டெல்லே சொன்னனான்?"

"ஓம், நீங்கள் கனடா எண்டுதான் சொன்னியள். கனடாவாலை வந்தவ எண்டா பனடோலைத் தந்து வீட்டை விட்டிடுவாங்கள், அக்கா. நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன்."

அவளுக்கு நாலு நாளாகத் தெரியுமாம். பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே தங்கச்சி ரெலிபோன் எடுத்து, இதென்ன கமரூனில் இருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறாள். சிவாஜினி அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. நான் கடையில் உட்கார்ந்து ஸ்காபரோவில் பனி கொட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் "ஓமோ அக்கா, அப்பிடியோ" என்று தலையாட்டிக்கொண்டே சேலை மடித்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்த பிறவி இது. எனக்கு அவமானமாக இருந்தது. காய்ச்சலை விட அதுதான் கூடச் சுட்டது.

மலேரியாதான். மோசமான வகையாம். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொன்னதைச் சிவாஜினி முழுதாக மொழிபெயர்க்கவில்லை. நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இங்கே தருகிற சாப்பாட்டை நாய் கூடத் தின்னாது. அதையும் தின்கிறேன்.

படுத்திருந்து யோசிக்கிறபோது ஒன்று விளங்கியது. டுவாலாவில் இருந்த நாள் முழுக்க நான் ஒரு குளிசை கூடத் தவறவிடவில்லை. நானாகவே கவனமாகப் போட்டேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நானாகப் போடவில்லை. தினமும் காலையில் கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால், அதற்குப் பக்கத்தில் பெட்டியில் இருந்து எடுத்து வைத்த ஒரு குளிசை. உன் மனைவிதான் வைத்துவிட்டுப் போய்விடுவாள். என் சட்டியில் சமைக்காத அந்தப் பாலை நான் குடித்திருக்கிறேன், அது கூட அப்போது உறைக்கவில்லை. நன்றி என்று ஒரு சொல் பிரெஞ்சில் எனக்குத் தெரியும். அதை நான் ரயிலில் இடம் விடுகிறவனுக்குச் சொல்லுவேன். அவளுக்குச் சொல்லவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஒரு தாதி தாளும் பேனையுமாக வந்தாள். எனக்கு ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டாள். சிவாஜினி "தம்பியின்ரை பேரைச் சொல்லட்டோ?" என்றாள். வேண்டாம், மச்சாளின் பெயரைப் போடு என்றேன். என் வாயால் நானே சொன்னேன், மரி-லூயிஸ் என்று. தாதி எழுதினாள். எழுதிவிட்டு, மரி-லூயிஸ் என்ன என்று கேட்டாள். முழுப் பெயர் வேண்டுமாம்.

எனக்குத் தெரியவில்லை, தம்பி. அவள் வீட்டில் பத்து நாள் இருந்து வந்தேன். தாதி பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவாஜினி யன்னலைப் பார்த்தாள். கடைசியில் தாதி அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனாள். நாளைக்குத் திரும்ப வருவாள். உன் மனைவியின் முழுப் பெயரை எழுதி அனுப்பு.

அக்கா

*

டுவாலா
10 நவம்பர் 2025

அக்கா,

எழுத மாட்டேன். இருபத்தைந்து வருடம் அவளோடு வாழ்ந்துவிட்டு, இனிப் படம் பிடித்த ஒரு தாளில் அவளை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினேன். நாயும் தின்னாத சாப்பாட்டுக்குச் சிரித்தாள். வாழைப்பழம் வந்த இடத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். இப்போது வந்து எனக்கு எதிரே கதிரையில் இருக்கிறாள். ரெலிபோன் அவள் மடியில் இருக்கிறது. அவளுடைய இலக்கத்தை இதோடு சேர்த்து அனுப்புகிறேன். அவள் மெதுவாகப் பேசுவாள், உங்களுக்கு விளங்கும். பெயரை அவளிடமே கேளுங்கள்.

கரிகாலன்